தோட்டத்துப் பக்கம்

பாரத்தில் இரண்டே கட்டங்கள்:
தோட்டத்துக்கு உள்ளே, தோட்டத்துக்கு வெளியே.
டிங்கிக் காய்ச்சல் கண்ட வீடு எதில் என்று
கோடு கிழித்து அனுப்ப வேண்டும், ஐந்து மணிக்குள்.
உள்ளே என்றால் நிர்வாகம் புகையடிக்கும்.
வெளியே என்றால் நகராண்மைக் கழகம்.

காய்ச்சல் ருக்மாவதிக்கு. பத்தொன்பது வயது,
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு.
தம்பிக்காரன் போனில் வழி சொன்னான்:
"கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளிக்கா,
பழைய பால் கொட்டகைய ஒட்டுனாப்புல,
தாமான் வர்றதுக்கு முன்னாடி."
கொட்டகையை இடித்து ஆறு வருஷமாகிறது.
இல்லாத ஒன்றை
ஒட்டி நிற்கிறது வீடு.

பெல்மோர் தோட்டம் எங்கே முடிகிறது?
மோட்டாரை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.
லோங்கானோடு சரி என்றார் இரும்புக்கடை ஆ லெக்.
செம்பனை முடியுற இடம் என்றார் லோரிக்கார வீரப்பெருமாள்.
செம்பனை எங்கே முடிகிறது?
கடைசி நிரைக்கு அப்பால், ரோட்டோரம்,
தானாய் முளைத்த நாலு மரம்.
அதுவும் கணக்கா?
நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டே
காக் ரொக்கியா கட்டைவிரலை நீட்டினாள்:
"சானா சிக்கிட்."

எங்க வீடு தோட்டத்துப் பக்கம் என்றது முதல் வீடு.
அவங்களுக்குப் பக்கம்தானே நாங்க, அப்ப நாங்களும்
என்றது அடுத்த வீடு.
அதற்கடுத்ததும்.
இப்படியே பிடித்துக்கொண்டு போனால்
பெட்ரோல் நிலையம் தோட்டத்துப் பக்கம்,
டோல் சாவடி தோட்டத்துப் பக்கம்,
விட்டால் ஈப்போவே தோட்டத்துப் பக்கம்.
பக்கத்தின் பக்கம் பக்கமா?
எத்தனையாவது வாசலில் அந்தச் சொல் செத்தது?
சாகவில்லை.
விருந்தாளி வர வர
தண்ணீர் சேர்த்த தே ஓ மாதிரி
வெளுத்துக்கொண்டே போனது.

கோப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு.
சாசரில் உடைத்து ஊற்றினேன்.
மஞ்சள் எது என்பதில் சண்டையில்லை.
சாசர் எது என்பதிலும்.
நடுவில் அந்த வெள்ளை,
ஓரிடத்தில் கெட்டி, ஓரிடத்தில் வெறும் தண்ணீர்.
கிச்சாப் விடுவதற்கு முன்
பாரத்தின் பின்பக்கம் அதை வரைந்தேன்.
உள்கோடு: எல்லாரும் தோட்டம் என்ற இடம்.
வெளிக்கோடு: தாண்டினால் ஒருவரும் தோட்டம் என்னாத இடம்.
இரண்டுக்கும் இடையில்
நாற்பத்தொரு வீடு,
பந்தடித் திடலில் பாதி,
அம்மன் கோயிலின் செருப்பு விடுகிற இடம் மட்டும்,
ருக்மாவதி.

மணி நாலே முக்கால். ஹலிம் அழைத்தார்.
உள்ளேயா வெளியேயா?
சொன்னேன்: பள்ளிக்கூடம் உள்ளே, உறுதி.
வீடு பள்ளிக்கூடத்தைத் தொடவில்லை, உறுதி.
தாமான் வெளியே, உறுதி.
வீடு தாமானில் இல்லை, அதுவும் உறுதி.
இத்தனை உறுதியையும் கூட்டினால்
விடை 'இருக்கலாம்'.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.
கட்டம் ரெண்டுதானே இருக்கு, என்றார் பிறகு.
கொசுவுக்கு அதுகூட இல்லை என்று
வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு
இரண்டிலும் கோடு கிழித்தேன்.

விளக்கக் கடிதம் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஆறரைக்கு இரண்டு குழுவும் வந்தன,
ஒன்று கோயில் பக்கமிருந்து,
ஒன்று தாமான் பக்கமிருந்து,
ஒன்றை ஒன்று எதிர்பார்க்காமல்.
நிர்வாகத்தின் புகை
லோங்கானைத் தாண்டி இந்தண்டை வந்தது.
கழகத்தின் புகை
செம்பனைக்குள் நுழைந்தது.
எது யாருடையது என்று
டீசல் நாற்றத்தில் தெரியவில்லை.
கோழிக்கூண்டின் மேல் ஈரத்துண்டைப் போட்டபடி
தம்பிக்காரன் கேட்டான்:
"எதுவரைக்கும் அடிப்பாங்கக்கா?"
அந்தா, அதுவரைக்கும் என்று காட்டினேன்.
நீட்டிய கை
மணிக்கட்டு வரை தெரிந்தது.